ஆரணியில் இரண்டு இரவு

மூன்று நாள் விடுப்பு கிடைத்தால் நாம் முதலில் செய்வது கைபேசியில் வரைபடத்தைத் திறப்பதுதான். காஞ்சிபுரத்தில் ஒரு புள்ளி, ஆரணியில் ஒன்று, படவேட்டில் ஒன்று, திருவண்ணாமலை, செஞ்சி, வேலூர். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன, ஒரு காரைப் பிடித்தால் இரண்டே நாளில் முடித்துவிடலாமே என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்த ‘முடித்துவிடலாம்’ என்ற சொல்லிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். ஊர்கள் முடிக்க வேண்டிய வேலைகள் அல்ல. பல ஊர் போகும் ஒரு சிறு பயணத்தை வரைபடத்திலிருந்து போடாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து போட வேண்டும் என்பதே இந்தப் பதிவில் நான் வைக்கும் வாதம். வடதமிழ்நாட்டின் இந்த மூலைக்கு அதைப் பொருத்திச் சொன்னால், ஆரணியில் இரண்டு இரவு தங்குங்கள், மூன்று நாளில் நான்கைந்து ஊர்களுக்கு மேல் வேண்டாம், ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியேறுங்கள், ஊருக்கு ஊர் போகப் பஸ், பஸ் போகாத இடத்துக்கு மட்டும் வாடகை வண்டி. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் தூரமாகப் போய்வருவோம். ஐரோப்பாவில் பால்கன் பக்கம் போகிறவர்கள் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குரோஷியாவின் துப்ரோவ்னிக், மாண்டினீக்ரோவின் கோட்டோர், பாஸ்னியாவின் மோஸ்டார், சரயேவோ ஆகிய நான்கும் வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஐந்து நாளில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். துப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது. அங்கே ஓடிக்கொண்டிருந்த குறுகிய பாதை 1970களில் மூடப்பட்டுவிட்டது. கார் எடுத்தால் நாட்டு எல்லைகளில் வரிசை, எல்லை தாண்டத் தனிக் காகிதம், ஓர் ஊரில் எடுத்த காரை வேறு நாட்டில் விட்டால் கனத்த திருப்பிவிடும் கட்டணம். குரோஷியாவின் தென்முனைக்குப் போக நடுவில் பாஸ்னியாவின் நியூம் கடற்கரைத் துண்டைத் தாண்ட வேண்டியிருந்த சிக்கலே 2022ல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகுதான் தீர்ந்தது. அதனால் நிதானமாக யோசிக்கிறவர்கள் அங்கே ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: ஒரு நகரத்தில் இறங்கி இன்னொரு நகரத்திலிருந்து ஊர் திரும்புவது, நடுவில் பஸ்ஸில் போவது, தங்கும் ஊர்களைக் குறைப்பது. நம் பக்கத்தில் நாட்டு எல்லை இல்லை, கடவுச்சீட்டு இல்லை. ஆனால் ரயில் இல்லாத ஊர், ஒருவழிப் போக்கில் எகிறும் கார் செலவு, குறைந்த நாள் என்ற மூன்றும் இங்கேயும் அப்படியே இருக்கின்றன.

ஆரணியின் ரயில் கதையைப் பாருங்கள். காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் பாதையில் ‘ஆரணி ரோடு’ என்று ஒரு நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஆரணியில் இறங்கிவிடலாம் என்று நம்பினால் நீங்கள் இறங்குவது களம்பூரில். ஆரணி நகரம் அங்கிருந்து இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி. ‘ரோடு’ என்று பெயர் முடிந்தாலே அது ஊர் அல்ல, ஊருக்குப் போகும் சாலைதான் என்பது ரயில்வேயின் பழைய வழக்கம். 2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரை - வேலூர் கன்டோன்மென்ட் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது நல்ல செய்திதான். அதுவும் இந்தப் பாதையில்தான் போகிறது. ஆரணி நகரத்தையே தொடும் வகையில் திட்டமிடப்பட்ட திண்டிவனம் - நகரி பாதை இருபது ஆண்டுகளாக ஏட்டிலும் துண்டுதுண்டான வேலையிலுமாக நிற்கிறது. ஆக, பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன இந்த ஊரை வெளியுலகத்தோடு கட்டிவைத்திருப்பது சாலைதான், சாலையில் ஓடும் பஸ்தான். வேலூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர், ஆற்காட்டுக்கு 30, திருவண்ணாமலைக்கு 60, காஞ்சிபுரத்துக்கு 60க்குச் சற்று மேல். எல்லாத் திசையிலும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். நடுவில் தங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் பயணத் திட்டம் போடுகிறவர்கள் ஆரணியை ‘வழியில் ஒரு மணி நேரம், புடவை’ என்று ஒரே வரியில் எழுதி நகர்ந்துவிடுகிறார்கள்.

இந்தச் சாலைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எந்தெந்த ஊரைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். 1677ல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அதையடுத்து வேலூர்க் கோட்டை நீண்ட முற்றுகைக்குப் பிறகு மராட்டியர் கைக்கு வந்தது. ஆரணி ஒரு மராட்டியக் குடும்பத்தின் ஜாகீராக இருந்து, ஆங்கிலேயர் காலம் முழுக்க அப்படியே நீடித்தது; அந்த ஜாகீர்தார்கள் விட்டுச்சென்ற மாளிகைகள் சத்தியவிஜயநகரத்திலும் பூசிமலைக்குப்பத்துக் காட்டிலும் இன்றும் இடிபாடாக நிற்கின்றன. 1751ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். முற்றுகை உடைந்ததும் பின்வாங்கிய ராஜா சாகிப்பின் படையை விரட்டிக்கொண்டு போய் அந்த ஆண்டு டிசம்பரில் ஆரணியருகே போரிட்டார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்ததோடு தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக் கனவு கலைந்தது. 1782ல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மறுபடி ஆரணியில் மோதின. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 2025 ஜூலையில் செஞ்சி, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தத் தொகுப்பில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். வேலூர், ஆற்காடு, ஆரணி, வந்தவாசி, செஞ்சி ஆகிய ஐந்து பெயர்களும் இன்றைக்கு பஸ்ஸின் நெற்றிப் பலகையில் நீங்கள் படிக்கும் பெயர்கள். படைகள் நடந்த வழியில்தான் பஸ் ஓடுகிறது. இந்த ஊர்களை ஒரு சரடாகக் கோப்பதற்குக் காரணம் இருக்கிறது. வரைபடத்தில் அருகருகே இருப்பது மட்டும் ஒரு காரணமாகாது.

அப்படிக் கோத்தால் முதல் நாள் தானாக அமைந்துவிடும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ காலை ரயிலில் காட்பாடி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வேலூர்க் கோட்டை. கோயில் நடை சாத்துவதற்குள் ஜலகண்டேசுவரரைப் பார்த்துவிட்டு, வெயில் நேரத்தில் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துகொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு ஆற்காடு பஸ். ஆற்காட்டில் பார்ப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. பாலாற்றங்கரையில் டெல்லி வாசல் ஒன்றுதான் அந்தப் பெரிய கோட்டைக்குச் சாட்சியாக நிற்கிறது. அரை மணி நேரம் அங்கே நின்றால் போதும். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மக்கன் பேடாவை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஆரணி பஸ் ஏறிவிடலாம். மூன்று ஊர்கள், இரண்டு குறுகிய பஸ் பயணங்கள், ஒரு படுக்கை.

என் வாதத்தின் கனம் இரண்டாம் நாள் விடியற்காலையில்தான் இருக்கிறது. பட்டு நெசவின் ஒரு முக்கியமான வேலை வீட்டுக்குள் நடப்பதில்லை, தெருவில் நடக்கிறது. பாவு எனப்படும் நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்துச் சீராக்குகிறார்கள். வெயில் ஏறினால் இழை காய்ந்துவிடும் என்பதால் விடிந்ததும் தொடங்கி இளவெயிலுக்குள் முடித்துச் சுருட்டிவிடுவார்கள். காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குகிறவருக்கு அது வெறும் தெரு. அங்கே மூன்று மணி நேரத்துக்கு முன்பு என்ன விரிந்திருந்தது என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. அவர் பார்ப்பது கடையில் மடித்து அடுக்கிய புடவையை மட்டும்தான். ஊரில் படுத்து எழுந்தவருக்குத்தான் தெருவே தறியின் ஒரு பகுதி என்பது தெரியும். அதற்குப் பிறகு தறிச் சத்தம் கேட்கும் வீட்டுவாசலில் நின்று அனுமதி கேட்டால், பெரும்பாலும் உள்ளே வரச் சொல்வார்கள். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வை வேலையையும், ஜக்கார்டு பெட்டியில் அட்டை ஏறி இறங்கிப் பூ விழுவதையும், மூலையில் உட்கார்ந்து தார் சுற்றுகிறவரையும் பார்க்கலாம். ஒரு புடவைக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பது அங்கேதான் புரியும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: அது அவர்களுடைய வேலையிடம், காட்சிசாலை அல்ல. பேசிக்கொண்டிருக்கும் நேரம் அவர்களுக்குக் கூலி இல்லாத நேரம்.

அன்று பகலுக்கு ஒரே ஓர் இடம் போதும். தேவிகாபுரத்தைச் சொல்வேன். விஜயநகரக் காலத்துக் கலை நின்று பேசும் பெரியநாயகி அம்மன் கோயில், பக்கத்துக் குன்றின் மேல் கனககிரீசுவரர், ஊருக்குள் நெசவு. சமண வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் அதற்குப் பதிலாகத் திருமலைக்குப் போகலாம். போளூர் சாலையில் வடமாதிமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் குந்தவை ஜினாலயமும், பாறையில் நெடிதுயர்ந்து நிற்கும் நேமிநாதரும், பழைய ஓவியங்களும் காத்திருக்கின்றன. சம்புவராயர்களின் தலைநகராக இருந்த படவேடு மூன்றாவது வாய்ப்பு. ரேணுகாம்பாள் கோயிலோடு சந்தவாசல் பக்கத்து மலைச்சாரலும் சேர்ந்து ஒரு முழு அரைநாளைக் கேட்கும். மூன்றையும் ஒரே நாளில் அடைக்கலாமா என்று கேட்டால், காரில் அடைக்கலாம். அடைத்தால் மூன்றும் ஒன்றோடொன்று கலந்து, எந்த மண்டபத்தை எங்கே பார்த்தோம் என்பதே வீடு திரும்பும்போது மறந்திருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற இரண்டையும் அடுத்த முறைக்கு விடுங்கள். மாலையில் ஆரணிக்குத் திரும்பியதும் புடவை வாங்கலாம். காலையில் தறியைப் பார்த்த கண்ணுக்கு மாலையில் கடையில் விலை சொல்லும்போது அது ஏன் அந்த விலை என்பது விளங்கும்.

மூன்றாம் நாள் பொழுது புலருமுன் கிளம்பி சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சி. நேர் பஸ் கிடைக்காவிட்டால் சேத்துப்பட்டில் மாறிக்கொள்ளலாம். அங்குள்ள ராஜகிரிக் கோட்டை மலை ஏறக்குறைய 800 அடி உயரம். காலை வெயிலிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும், பிற்பகலுக்கு ஒத்திப்போடக் கூடாது. பிறகு செஞ்சியிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து சென்னைக்கோ தெற்கேயோ ரயிலும் பஸ்ஸும் தாராளம். காட்பாடியில் நுழைந்தோம், திண்டிவனத்தில் வெளியேறினோம், இரண்டாம் நாள் ஆரணியிலிருந்து போய்வந்ததைத் தவிர எந்தச் சாலையிலும் இரண்டு முறை போகவில்லை. இந்த வசதியைக் கார் தராது. சொந்தக் கார் என்றால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியாக வேண்டும், ஆகவே திட்டம் வட்டமாக வளைந்துகொள்ளும், வட்டத்தை நிரப்ப இன்னும் இரண்டு ஊர் சேரும். வாடகைக் கார் என்றால் வெறுமனே திரும்பும் கிலோமீட்டருக்கும் ஓட்டுநர் படிக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். பால்கனில் வாங்கும் ஒருவழிக் கட்டணத்தின் நம்மூர் வடிவம் இது.

முதல் மறுப்பு நேரம் பற்றியது. பஸ்ஸில் போனால் பாதி நாள் வீணாகிவிடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது கிலோமீட்டருக்கு பஸ் ஒன்றேகால் மணி எடுத்துக்கொள்ளும், கார் ஒரு மணிக்குள் போய்விடும். ஏறுவதற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பயணத்துக்கு அரை மணி அல்லது முக்கால் மணி மிச்சம். நான் சொன்ன திட்டத்தில் ஒரு நாளுக்கு இரண்டு பயணம்தான். ஆக, காரால் மிச்சமாவது ஒன்று அல்லது ஒன்றரை மணி. இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். நம்மூர்க் கோயில்கள் பகல் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தி மாலை நான்கு வாக்கில்தான் திறக்கின்றன. இந்த நான்கு மணி நேர அடைப்பை எந்த இன்ஜினாலும் தாண்ட முடியாது. காரில் வேகமாகப் போய்ச் சாத்திய கதவின் முன்னால் நிற்பதைவிட, அந்த நேரத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வது புத்திசாலித்தனம். பயணத்தை அடைப்பு நேரத்தில் வைத்தால் பஸ்ஸின் மெதுவான வேகம் நமக்கு நட்டமாகாது.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. முழங்கால் வலியோடு அம்மா வருகிறார், கைக்குழந்தை இருக்கிறது, நான்கு பேர் சேர்ந்து போனால் காரும் தலைக்கு அதிகமாக வராது, பஸ் ஸ்டாண்டுகளில் சுத்தமான கழிப்பறை கிடைப்பது கடினம். எல்லாம் உண்மை. முதியவர் வருகிற பயணத்தில் காரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போதும் ஊர்களின் எண்ணிக்கையை பஸ் கணக்கிலேயே வையுங்கள். முழங்கால் வலிக்காரரை நாளுக்கு ஐந்து இடத்தில் ஏற்றி இறக்குவதைவிட இரண்டு இடத்தில் ஆற அமர உட்காரவைப்பதுதான் அவருக்குச் செய்யும் உதவி. பஸ்ஸே போகாத, அல்லது எப்போதாவது போகிற இடங்களும் உண்டு. தேசூர் பக்கம் சீயமங்கலத்து மகேந்திரவர்மன் குடைவரை, காஞ்சிக்கு அருகில் மாமண்டூர், குரங்கணில்முட்டம், பூசிமலைக்குப்பத்து மாளிகை போன்றவற்றுக்கு பஸ்ஸை நம்பிப் போனால் நாள் போய்விடும். அவற்றில் ஆசை இருந்தால் தங்கியிருக்கும் ஊரிலேயே அரை நாளைக்கு ஆட்டோவோ டாக்சியோ பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் உள்ளூர்க்காரர் கைக்குப் போகும், வழி தெரிந்த ஒருவரும் கூட வருவார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் சேருங்கள். சுற்றுவட்டாரப் பயணங்களில் அது குடும்பச் செலவைக் கண்கூடாகக் குறைக்கும்.

மூன்றாவதாகச் சொல்வார்கள், பஸ் நேரம் எதுவும் இணையத்தில் சரியாகக் கிடைப்பதில்லை, எதை நம்பித் திட்டம் போடுவது? நம்ப வேண்டியது நேர அட்டவணையை அல்ல, எத்தனை நேரத்துக்கு ஒரு வண்டி என்பதைத்தான். வேலூர் - ஆற்காடு, ஆற்காடு - ஆரணி, செஞ்சி - திண்டிவனம் போன்ற தடங்களில் ஒன்றை விட்டால் இன்னொன்று வரும். கிளைச் சாலைகளில்தான் கவனம் வேண்டும். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் நேரக் காப்பாளரிடமோ நடத்துநரிடமோ, திரும்ப வரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், பகல் முழுக்க நிம்மதியாகச் சுற்றலாம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு சென்னையில் எந்தத் தடம் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்காமல் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று திருவண்ணாமலை வழித்தடங்களில் கிரிவலக் கூட்டம், ஆடி வெள்ளியில் படவேட்டில் திரள், கார்த்திகை தீபத்துக்கு மாவட்டமே நிரம்பி வழியும். பக்திக்காகப் போகிறவர்கள் அந்த நாளில்தான் போக வேண்டும். ஊர் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது, செஞ்சிப் பாறையும் வழுக்கும். பொங்கல் கழிந்த தை, மாசி இரண்டு மாதமும்தான் உத்தமம். முகூர்த்தக் காலத்துத் தேவையால் தறிகளும் ஓயாமல் ஓடும்.

புடவை வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த சரக்கை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவது பயமில்லையா என்று கேட்பது நியாயம். அதனால்தான் அதைப் பயணத்தின் கடைசி மாலைக்குத் தள்ளிவைத்தேன். ஒரு பகல் மட்டும் தோள்பையில் வைத்துக்கொண்டால் போதும். செஞ்சி ஏறும்போது பை கனக்கும் என்றால் கடையிலிருந்தே பார்சலில் அனுப்பச் சொல்லலாம். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினாலும் தனியார் கடையில் வாங்கினாலும் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா, கைத்தறியா விசைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. கேட்கிறவர் கூடக் கூட, கையால் நெய்கிறவருக்குரிய மதிப்பும் கூடும்.

கடைசியாக, ஏன் ஆரணி என்ற கேள்விக்கு வருகிறேன். நடுவில் இருக்கிறது என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், இந்த ஊரைத் தாண்டிப் போவது எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. அதன் பெயரைச் சுமக்கும் ரயில் நிலையம் வேறு ஊரில் நிற்கிறது. அதன் தறியில் நெய்த புடவை பல நேரம் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கப்பட்டு, ஆரணி என்ற சொல்லே காதில் விழாமல் கல்யாணப் பந்தல் ஏறுகிறது. சுற்றுலாத் திட்டங்களிலும் அதற்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். இரண்டு இரவு தங்கினால் விடுதி அறை, இரவு இட்லி, விடியற்காலைத் தேநீர், ஆட்டோ, சங்கத்துக் கடை என்று நம் பணம் நெய்கிற ஊரிலேயே தங்கும். நமக்குக் கிடைப்பதும் குறைவில்லை. பாவு விரித்த தெருவைக் கண்டவர், அடுத்த கல்யாணத்தில் ஒரு பட்டுப் புடவையைப் பார்த்ததும் இது எந்த ஊர்த் தறி என்று கேட்பார். ஊர்களை எண்ணி முடிக்கும் பயணம் அந்தக் கேள்வியைத் தராது. அதனால் அடுத்த மூன்று நாள் விடுப்புக்கு வரைபடத்தைத் திறப்பதற்கு முன் ஆரணியில் ஓர் அறைக்குச் சொல்லிவையுங்கள். மற்ற ஊர்கள் அதைச் சுற்றித் தாமாக வந்து அமரும்.